நம் களப்புக்கு வரும் விருந்தாளிகள்



மாரி மழை பிடித்துத் தம்பலகாமத்து வயல்களில் தண்ணீர் நிற்கத் தொடங்கி விட்டால், நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் ஓர் அதிசயம் நடக்கிறது. கிண்ணியாவைச் சுற்றிய களப்புகளிலும், மூதூர்ப் பக்கத்துச் சேற்று நிலங்களிலும், புல்மோட்டைக்கு அப்பால் கொக்கிளாய்க் கரையிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து இறங்குகின்றன. அவற்றில் பல, மத்திய ஆசியாவின் புல்வெளிகளையும் சைபீரியாவின் பனி நிலங்களையும் விட்டுப் புறப்பட்டு, இமயத்தையும் இந்தியப் பெருநிலத்தையும் தாண்டி வந்தவை. கடவுச்சீட்டும் இல்லை, வழித்துணைக்கு வரைபடமும் இல்லை. படைத்தவன் நெஞ்சில் எழுதி வைத்த வழியே வந்து சேர்கின்றன.

நாமோ அந்த வழியால் அன்றாடம் போய் வருகிறோம். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும்போது பஸ்ஸின் யன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாய் ஏதோ நிற்பதைக் காண்கிறோம். "கொக்கு" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிக் கொள்கிறோம். இந்த விருந்தாளிகள் யார், இவர்களை நாம் எப்படி நடத்துகிறோம், இவர்களைச் சுட்டும் கவண் வைத்து அடித்தும் தின்பது பற்றி மார்க்கமும் சட்டமும் என்ன சொல்கின்றன? இவை சமையலறையில் இருக்கும் நமக்கும் உரிய கேள்விகள்தான். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தண்ணீரால் அமைந்த மாவட்டம்

திருகோணமலை என்றதும் உலகம் துறைமுகத்தைத்தான் பேசும். ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் இதற்காகச் சண்டையிட்டார்கள். ஆனால் பறவைகளுக்கு ஆழமான தண்ணீரால் பெரிய பயன் இல்லை. அவை தேடுவது முழங்கால் அளவுத் தண்ணீரையும் சேற்றையும் புல்லையும்தான். அதையும் அல்லாஹ் இம்மாவட்டத்துக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறான்.

இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேருகிறது. வரும் வழியில் வெள்ளம் பரவி வற்றும் தாழ்நிலங்களில் புல்லும் தண்ணீருமாய் 'வில்லு'கள் உண்டாகின்றன. கொட்டியாரக் குடாவின் மேற்கே, கிண்ணியாவின் ஒடுங்கிய வாய்க்கால் வழியாக உள்ளே விரிந்து கிடக்கிறது தம்பலகாமக் குடா. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் மேலே போகும்போது இரு பக்கமும் நாம் பார்ப்பது இந்த நீர்ப்பரப்பைத்தான். அதற்கு மேலே கந்தளாய்க் குளம். அந்தக் குளத்து நீரில் விளையும் வயல்கள். தெற்கே மூதூரைத் தாண்டினால் உப்பாறு, வெருகல். வடக்கே நிலாவெளி, குச்சவெளி உப்பங்கழிகள். மாவட்ட எல்லையில் கொக்கிளாய்க் களப்பு.

இவற்றில் சில இடங்களை அரசு முன்னரே பாதுகாத்திருக்கிறது. கொக்கிளாய்க் களப்பு 1951இலும், சேருவில–அல்லைப் பகுதி 1970இலும் சரணாலயமாக்கப்பட்டன. துறைமுகத்தினுள் இருக்கும் சோபர் தீவுகளும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவும் 1963இல் சரணாலயமாயின. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

யார் யார் வருகிறார்கள்?

ஓகஸ்ட் மாதக் கடைசியிலிருந்தே சிறு கூட்டங்கள் வரத் தொடங்கி விடும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை கூட்டம் நிறைந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் வந்த வழியே திரும்பி விடுவார்கள். ஆசியாவின் வட கோடியிலிருந்து தெற்கே வரும் இந்தப் பறவைப் பாதையில் இலங்கைதான் கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே இங்கே இடம் கிடைக்காத பறவைக்குப் போக்கிடம் மிகக் குறைவு.

ஊசிபோல் வால் நீண்ட ஊசிவால் தாராவும், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு வரைந்தாற்போன்ற நீலச்சிறகுத் தாராவும் வெளிநாட்டு விருந்தாளிகள். நீலச்சிறகுத் தாராவின் நிறை அரைக் கிலோகூட இராது. வயல் வரப்பில் காலடி வைத்ததும் 'விருட்'டென்று கோணல்மாணலாய்ப் பறந்தோடும் உள்ளானும் அப்படியே. சேற்றில் நீண்ட அலகை நுழைத்துப் புழு தேடும் மூக்கன், கரையோரம் ஓடி ஓடிப் பொறுக்கும் சின்ன உள்ளான்கள், ஆலாக்கள் என்று பட்டியல் நீளும். சில ஆண்டுகளில் கொக்கிளாய்ப் பக்கம் பூநாரைகளும் வந்து, தூரத்தில் இளஞ்சிவப்புத் துணி விரித்தாற்போல நிற்கும்.

இவற்றோடு நம் ஊரிலேயே இருப்பவர்களும் உண்டு. தொண்டையில் பை தொங்கும் கூழைக்கடா, மஞ்சள் அலகோடு நிற்கும் சங்குவளை நாரை, நத்தையை உடைத்துத் தின்னும் நத்தைகுத்தி நாரை, அகப்பை போன்ற அலகுள்ள கரண்டிவாயன், சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகம், சீழ்க்கையடித்துக் கொண்டே பறக்கும் மரத்தாரா, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நம் வேலியோரத்துக் கானாங்கோழி, ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டும் ஆட்காட்டி எல்லாம் இந்நாட்டுக் குடிகள்.

இந்தப் பயணத்தின் பெருமையை உணர ஒரு செய்தியைக் கேளுங்கள். 2022 ஒக்டோபரில் மூக்கன் இனத்துக் குஞ்சொன்று, பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவுக்குப் பறந்தது. 13,560 கிலோமீற்றர். 11 நாள். வழியில் எங்கும் இறங்கவில்லை, உண்ணவில்லை, குடிக்கவில்லை. முதுகில் கட்டியிருந்த சிறு கருவி அந்த வழி முழுவதையும் விண்கோளுக்குச் சொல்லிக் கொண்டே போனது. நம் நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்கு இத்தகைய கருவி பொருத்திப் பார்த்தார்கள். அவை வட துருவத்தை ஒட்டிய ருஷ்ய நிலம்வரை போயிருந்தன.

சுப்ஹானல்லாஹ்! ஆகாய வெளியில் கட்டுப்பட்டுப் பறக்கும் பறவைகளைப் பார்க்கவில்லையா, அவற்றைத் தாங்கி நிற்பவன் யார் என்று சூரத்துந் நஹ்லும் (16:79), சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பதைச் சுட்டி சூரத்துல் முல்க்கும் (67:19) நம்மைக் கேட்கின்றன. முல்க் சூராவை இரவுதோறும் ஓதும் தாய்மார் எத்தனையோ பேர். அந்த ஆயத்து பார்க்கச் சொல்லும் காட்சி நம் ஊர்க் களப்பிலேயே இருக்கிறது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது சூரத்துல் அன்ஆம் (6:38). அவை தத்தம் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருக்கின்றன என்கிறது சூரத்துந் நூர் (24:41).

துப்பாக்கிக் காலம்

இந்த நீர்நிலைகளை நாடி ஒரு காலத்தில் வந்தவர்கள் கையில் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. வயல்களில் உள்ளான் சுடுவதும், குளங்களில் தாரா சுடுவதும் துரைமாரின் விடுமுறை விளையாட்டு. இன்று எத்தனை விழுத்தினோம் என்று எண்ணிப் பெருமை பேசுவார்கள். அந்த மனப்போக்கு எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஓர் உதாரணம். அவர் இலங்கையில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சரித்திரம் சொல்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.

காடு வெறுமையாவதைக் கண்டு முதலில் பயந்தவர்களும் வேட்டைக்காரர்களே. 1894இல் அவர்கள் கூடி, வேட்டை மிருகங்களைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் தொடர்ச்சிதான். துரைமாரின் வேட்டை நிலமாயிருந்த யால 1938இல் தேசியப் பூங்காவானது.

வேறு நாடுகளில் வேட்டைக்கு இன்றும் இடமுண்டு. அமெரிக்காவின் புல்வெளிச் சதுப்பு நிலங்களில் குறிப்பிட்ட மாதங்களில், நாளொன்றுக்கு இத்தனை என்ற கணக்கோடு தாரா சுட அனுமதிக்கிறார்கள். ஆனால் தாரா வேட்டைக்குப் போகும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் அரசின் விசேட முத்திரை ஒன்றை வாங்கியாக வேண்டும். 1934இல் தொடங்கிய அந்த முத்திரைப் பணத்தால் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். அதே நிலத்துக்குப் பறவை பார்க்கவும் குடும்பங்கள் வருகின்றன. நம் நாடு சிறியது, இடம் குறைவு, ஆகவே நம் சட்டம் வேறு வழியை எடுத்திருக்கிறது.

மக்காவின் புறாவும் புறாத்தீவின் புறாவும்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாத்தீவு. அதன் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாவால் அந்தப் பெயர். நகரத்துக் கட்டடங்களில் மனிதரோடு பழகி வாழும் புறாவின் மூதாதை இதுதான். காட்டு நிலையில் இது கூடு கட்டும் இடங்கள் இலங்கையில் மிகச் சிலவே. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பயன்பட்டது.

உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் போய் வந்த சகோதரிகள் மக்காவின் புறாக்களைக் கண்டிருப்பீர்கள். கூட்டம் கூட்டமாய்க் காலடியில் இறங்கும். யாரும் விரட்ட மாட்டார்கள். அதுவும் இதே மாடப்புறா இனந்தான். ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமல்ல, இருந்த இடத்திலிருந்து வெருட்டுவதுகூடத் தடுக்கப்பட்டது. இஹ்ராமில் இருப்பவர் வேட்டைப் பிராணியைக் கொன்றால் பரிகாரம் கொடுக்க வேண்டும் என்று சூரத்துல் மாயிதா (5:95) விதிக்கிறது. ஹரத்தின் ஒரு புறாவைக் கொன்றால் ஓர் ஆடு பரிகாரம் என்று ஸஹாபாக்கள் தீர்ப்பளித்தார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபும் அதையே எடுத்திருக்கிறது. ஒரு சிறு புறாவுக்கு ஓர் ஆடு! உயிரின் பெறுமதியை அல்லாஹ் எப்படி நிறுத்துக் காட்டுகிறான் பாருங்கள்.

மதீனாவையும் நபி (ஸல்) அவர்கள் ஹரமாக அறிவித்தார்கள். மதீனாவில் மான்கள் மேயக் கண்டாலும் நான் அவற்றை வெருட்ட மாட்டேன் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி இருக்கிறது. மேய்ச்சல் நிலங்களைப் பொது நன்மைக்காகக் காத்து வைக்கும் 'ஹிமா' முறையும் இருந்தது. நகீஃ என்ற இடத்தை நபியவர்களும், ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை உமர் (ரலி) அவர்களும் இப்படிக் காத்தார்கள். ஆகவே 'சரணாலயம்' என்ற பலகையைக் கண்டால் அது யாரோ வெள்ளைக்காரர் கொண்டு வந்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஓர் எல்லை போட்டு, இதற்குள் எந்த உயிரையும் தொடாதே என்று சொல்லும் பண்பு நம் கிப்லாவில் தொடங்கியது.

மார்க்கம் வேட்டையைத் தடுக்கிறதா?

இல்லை. உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணலாம் என்று மாயிதா (5:4) சொல்கிறது. கடல் வேட்டை இஹ்ராமில் இருப்பவருக்குக்கூட ஆகுமானது (5:96). மீனவக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு இது மகிழ்ச்சியான செய்தி அல்லவா!

ஆனால் அனுமதிக்கு எல்லைகள் இருக்கின்றன. ஒரு சிட்டுக்குருவியை அநியாயமாகக் கொன்றவரிடமும் மறுமையில் அல்லாஹ் அதைப் பற்றி விசாரிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதன் உரிமை என்ன என்று கேட்கப்பட்டபோது, அறுத்து உண்பதுதான், தலையைக் கொய்து எறிந்து விடுவதல்ல என்று விளக்கினார்கள் (நஸாஈ). உயிருள்ள எதையும் குறி வைத்துப் பழகும் இலக்காக ஆக்கக் கூடாது என்று தடுத்தார்கள் (முஸ்லிம்). ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்து விட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியது யார், திருப்பிக் கொடுங்கள் என்று நபியவர்கள் கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்). அல்லாஹ்வின் தூதர் ஒரு தாயின் தவிப்பைக் கண்டு இரங்கிய செய்தி இது. தாய்மாராகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

கொண்டலாத்தியைக் கொல்லக் கூடாது என்றும் ஹதீஸ் உண்டு (அபூதாவூத்). ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டு அரசியின் செய்தி கொண்டு வந்த 'ஹுத்ஹுத்' அதுதான். தலையில் விசிறிக் கொண்டையோடு, வடக்கு கிழக்கின் வறண்ட நிலங்களில் இன்றும் தரையைக் கொத்தித் திரிகிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குர்ஆனில் படித்த பறவையை நேரில் கண்ட பிள்ளை அந்தக் கதையை ஆயுளுக்கும் மறக்காது.

கெட்டபோலும் கறிச்சட்டியும்

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகள் கெட்டபோல் செய்து கொண்டு களப்போரம் போகிறார்கள். கல்லால் அடித்த உள்ளானையோ கானாங்கோழியையோ கொண்டு வந்து, "உம்மா, சமைச்சுத் தாங்க" என்று நிற்கிறார்கள். சில வேளை வாசலில் கொக்கும் தாராவும் விற்பனைக்கு வருகின்றன. விலையும் மலிவாக இருக்கும். வாங்குவதா, விடுவதா என்ற தீர்ப்பு நம் கையில். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: இது எப்படிச் செத்தது? அடிபட்டுச் செத்தது ஹராம் என்று மாயிதாவின் மூன்றாம் ஆயத்து தெளிவாகச் சொல்கிறது. கெட்டபோல் கல் கீறி அறுப்பதில்லை, மோதித்தான் கொல்கிறது. உயிரோடு பிடித்து முறைப்படி அறுக்கவில்லை என்றால் அது நமக்கு உணவல்ல. சுண்டு கல் எறிவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையும் பிடிக்காது, எதிரியையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்று காரணமும் சொன்னார்கள் (புகாரி). பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு வரக்கூடிய ஆபத்தையும் சேர்த்தே அந்த எச்சரிக்கை காக்கிறது. சில இடங்களில் நஞ்சு கலந்த நெல்லைத் தூவியும் பறவை பிடிப்பார்கள். அப்படிச் செத்தது செத்த பிணம். அதோடு அந்த நஞ்சு நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் வரும். இறகு உரித்த பறவையைப் பார்த்து அது எப்படிச் செத்தது என்று கண்டுபிடிக்க யாரால் முடியும்?

இரண்டாவது: இதற்குச் சட்டம் இடம் தருகிறதா? 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்கு 1993இலும் 2009இலும் வந்த திருத்தங்களும் விலக்குப் பட்டியலில் உள்ள சில இனங்கள் தவிர ஏனைய பறவைகளைக் காக்கின்றன. அவற்றைச் சுடுவது, பிடிப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது, இறைச்சியை விற்பது எல்லாம் குற்றம். அகப்பட்டால் வழக்கு, தண்டப்பணம், சிறை என்று குடும்பமே அலைய வேண்டி வரும். ஒரு கோப்பைக் கறிக்கு இந்த அலைச்சல் எதற்கு?

மூன்றாவது: இது நமக்குத் தேவையா? உரித்தால் ஓர் உள்ளானில் கைப்பிடி இறைச்சிதான். அது ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உயிர். அந்தக் கறியால் பசியாறப் போகும் வீடு எது? வேட்டையின் பின்னே அலைபவர் மறதிக்கு உள்ளாகி விடுவார் என்ற ஹதீஸும் (அபூதாவூத், திர்மிதி) இங்கே நினைக்கத் தக்கது. அஸர் தப்பி, மஃரிபும் தப்பிக் களப்பில் நிற்கும் பையனின் கதை நமக்குத் தெரியாததா?

வயல் செய்யும் குடும்பங்களின் முறைப்பாடும் நியாயமானது. மரத்தாரா இரவில் இறங்கி விதைநெல்லைத் தின்னும். தாழைக்கோழி இளம் பயிரை மிதிக்கும். பளபளக்கும் நாடா கட்டலாம், தகரம் தட்டலாம், காவலிருந்து விரட்டலாம். நஞ்சு வைத்தால் பூச்சியைப் பொறுக்கித் தின்று வயலுக்கு நன்மை செய்யும் கொக்கும் சேர்ந்து சாகும். பிறகு பூச்சிக்கு மருந்தடிக்கச் செலவழிக்க வேண்டி வரும்.

பிள்ளையின் கையிலிருந்து கெட்டபோலைப் பறித்து எறிந்தால் மட்டும் போதாது. அந்த ஆசைக்கு வேறு வழி காட்ட வேண்டும். அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூஉமைர், தான் வளர்த்த சின்னக் குருவி இறந்ததும் வாடிப் போயிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையின் பெயரோடு குருவியின் பெயரையும் சந்தமாகச் சேர்த்துச் சொல்லி, குருவிக்கு என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள் (புகாரி). ஒரு பிள்ளையின் குருவியை மதித்து விசாரித்த நபியின் உம்மத்து நாம். ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, இன்று என்ன பறவை கண்டாய், எத்தனை, என்ன தின்றது என்று எழுதச் சொல்லுங்கள். குறி பார்க்கும் அதே கூர்மையான கண், இப்போது பார்த்துக் கற்றுக் கொள்ளும்.

களப்பு போனால் கறியும் போகும்

பறவையைச் சுடுவதை விடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அது சத்தமில்லாமல் நடப்பது. கண்டல் மரங்களை வெட்டுவது, சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பி வளவாக்குவது, வாய்க்காலை அடைப்பது. சுட்டால் ஒரு பறவை போகும்; சதுப்பை நிரப்பினால் கூட்டமே வராது.

அதோடு முடியாது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் தொட்டில் களப்பும் கண்டல் வேரும்தான். அங்கே வளர்ந்த பிறகே கடலுக்குப் போகின்றன. தொட்டிலை உடைத்து விட்டுப் பிள்ளை எங்கே என்று தேடலாமா? தம்பலகாமக் குடா ஒரு காலத்தில் முத்துக்கும் பெயர் போனது. பலகைபோல் தட்டையான, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிப்பிகள் அங்கே நிறைய விளைந்தன. 19ஆம் நூற்றாண்டில் கெலார்ட் என்ற இராணுவ வைத்தியர் அவற்றை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். இலங்கையின் விலங்கு, பறவைகள் பற்றி 1852இல் நூல் வெளியிட்டவரும் அவரே.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது கிண்ணியாவும் மூதூரும் இழந்ததை யார் மறப்பார்? கண்டல் காடு அப்படிப்பட்ட அலையை முழுதாகத் தடுத்து விடாது. ஆனால் அலையின் வேகத்தைத் தணிக்கும், கரை அரிப்பைத் தடுக்கும், மழை வெள்ளத்தை உறிஞ்சி வைக்கும். அழிந்த கண்டலை மீண்டும் வளர்க்கும் இலங்கையின் முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரியாகத் தெரிந்தெடுத்தது.

ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தம் 1971 பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. இலங்கை 1990இல் சேர்ந்தது. புந்தல, ஆனவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து ஆகியவை அந்தப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், நம் களப்பைக் காக்க வேண்டியவர்கள் அதன் கரையில் வாழும் நாம்தான்.

குடும்பத்தோடு ஒரு காலைப் பொழுது

பறவை பார்க்கப் பெரிய செலவு இல்லை. ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட வேண்டும். காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை பறவைகள் இரை தேடும் நேரம். மாலையில் அஸருக்குப் பிறகும் நல்லது. மஃரிபுக்கு முன் கூட்டம் கூட்டமாய் மரங்களுக்குத் திரும்பும் காட்சி கண்கொள்ளாதது. காலையில் பசித்த வயிற்றோடு போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைச் சொல்லித்தான் நபி (ஸல்) அவர்கள் தவக்குல்லை விளக்கினார்கள் (திர்மிதி). அது கூட்டில் இருந்து கொண்டே இரை கேட்கவில்லை, இறங்கித் தேடிப் போகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

களப்பு, வயல், குளத்துப் பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். புறாத்தீவுக்கு அந்தக் காலம் சரிவராது. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். படகில் ஏறினால் பெரியவர், சிறியவர் எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். அங்கே முருகைக் கல்லை மிதிக்கக் கூடாது. கல்லோ சிப்பியோ எடுத்து வரக் கூடாது. சாப்பாட்டு மிச்சத்தை விட்டு வந்தால் காகம் கூடும். காகம் புறாவின் முட்டையைத் தின்னும். சோபர் தீவுகளுக்கும் துறைமுகத்துக் காட்டுக்கும் கடற்படையின் அனுமதியின்றிப் போக வேண்டாம்.

உடை பளிச்சென்று இல்லாமல் சாம்பல், பழுப்பு, கரும்பச்சை நிறத்தில் இருந்தால் பறவை வெருளாது. நம் அபாயாவும் முந்தானையும் இதற்குத் தடையே இல்லை. தொப்பியோ குடையோ, தண்ணீர்ப் போத்தல், ரொட்டியும் தேத்தண்ணியும், இருந்தால் ஒரு பைனாகுலர், தொழ ஒரு பாய் போதும். தூரத்தில் நின்று அமைதியாகப் பாருங்கள். படம் எடுப்பதற்காகக் கூட்டைக் கிட்டப் போய்க் கலைக்காதீர்கள். தாய் எழுந்து போனால் முட்டை வெயிலில் அவிந்து விடும். மகாவலிக் கிளைகளிலும் குளங்களிலும் முதலை உண்டு. பிள்ளைகளைத் தண்ணீர் விளிம்புக்கு விடாதீர்கள். கந்தளாய்ப் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டுவதற்கு முன் திரும்பி விடுங்கள். கொண்டு போன பொலித்தீன் பையை வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

சகோதரிகளே! நெடுங்காலம் இந்தக் களப்புகள் நமக்கே அந்நியமாக இருந்தன. 2009 வரை நீடித்த யுத்தத்தில் தோணி தள்ளவும் வயலுக்குப் போகவும் எத்தனை தடைகள். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு கந்தளாயை நோக்கி ஓடியதை நினைத்துப் பாருங்கள். போக இடமில்லாமல் நிற்பது என்றால் என்ன, யாரோ முன்பின் தெரியாதவர் கதவைத் திறந்து "வாங்க" என்று சொல்வது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். களைத்து வந்து இறங்கும் இந்தச் சிறு உயிர்கள் கேட்பது கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சேறு, நான்கு மாதம் அமைதி. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானில் உள்ளது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அதைச் செய்து காட்ட ஒரு வாய்ப்பு ஒவ்வொரு மாரியிலும் வருகிறது.

இந்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை காலையைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். வாசலில் தாரா விற்பனைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். களப்பில் குப்பை கொட்ட யாராவது வந்தால், பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் சொல்லும்படி வீட்டு ஆண்களைக் கேளுங்கள். படைப்புகளிடம் இரக்கம் காட்டுவோருக்கு ரஹ்மான் இரக்கம் காட்டுவான். அந்தக் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.